சுட்ட விலாங்கும் வேள்வித் தீயும்: விமான சிப்பந்திகள் தங்கிப் போகும் நரிட்டா

மாலை நேரம். நரிட்டா ரெயில் நிலையத்தின் முன்னால் ஓட்டல் பஸ் ஒன்று வந்து நிற்கிறது. பத்துப் பதினைந்து பேர் இறங்குகிறார்கள். ஆண்களும் இருக்கிறார்கள், பெண்களும் இருக்கிறார்கள். காலில் சாதாரணச் செருப்பு. கண்ணில் தூக்கக் கலக்கம். ஆனாலும் நடையில் ஒரு வேகம்! கோவிலுக்குப் போகும் சரிவான தெருவில் அவர்கள் இறங்கி நடக்கிறார்கள்.

யார் இவர்கள்? உல்லாசப் பிரயாணிகளா? இல்லை. சில மணி நேரத்துக்கு முன்பு முன்னூறு பேரை ஏற்றிக்கொண்டு கடல் தாண்டிப் பறந்து வந்தவர்கள். விமானத்தை ஓட்டியவர்கள், சோறும் தண்ணீரும் கொடுத்தவர்கள். உடுப்பைக் கழற்றி மாட்டிவிட்டு, பசியாற வந்திருக்கிறார்கள்.

நெடுந்தூரம் பறக்கும் சிப்பந்திகள் போன வேகத்தில் திரும்பிவிட முடியாது. இத்தனை மணி நேரம் பறந்தால் இத்தனை மணி நேரம் ஓய்வு என்று ஒவ்வொரு நாட்டிலும் சட்டம் இருக்கிறது. அந்த ஓய்வைப் போன ஊரிலேயே எடுக்க வேண்டும். கம்பெனி செலவில் ஓட்டல் அறை, சாப்பாட்டுப் படி, சுமார் ஒரு நாள் அவகாசம். இதற்கு அவர்கள் பாஷையில் "லேஓவர்" என்று பெயர்.

கேட்பதற்குச் சுகமாக இருக்கிறது அல்லவா? "கொடுத்து வைத்தவர்கள்! ஊர் ஊராகச் சுற்றுகிறார்கள், சம்பளமும் வாங்குகிறார்கள்" என்று அண்டை வீட்டார் பேசிக்கொள்வார்கள். ஆனால் அந்த ஒரு நாளில் எதைச் சாப்பிடுவது, எப்போது தூங்குவது, எத்தனை மணிக்கு மதுக்கோப்பையைக் கீழே வைப்பது என்பதெல்லாம் அவரவர் இஷ்டம் மட்டும் அல்ல. மறுநாள் பின்னால் உட்காரப் போகும் முன்னூறு உயிர்களின் சங்கதி அது.

கோவில் ஊர், விமான ஊர் ஆனது

டோக்கியோவுக்குக் கிழக்கே சுமார் 60 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது நரிட்டா. சிபா மாநிலத்தைச் சேர்ந்தது. ஆதியில் இது ஒரு கோவில் ஊர். கி.பி. 940-இல் உண்டான ஷின்ஷோஜி என்ற புத்தர் கோவில்தான் ஊருக்கே மூலாதாரம். டோக்கியோவுக்கு "எடோ" என்று பெயர் இருந்த காலத்தில், ஜனங்கள் கால்நடையாகவே இங்கே யாத்திரை வருவார்கள். களைத்து வந்தவர்களுக்குச் சோறு போடவும் பாய் போடவும் தெரு நெடுகச் சத்திரங்கள் முளைத்தன.

பிறகு ஒரு நாள் விமான நிலையம் வந்தது. சும்மா வரவில்லை. 1966-இல் ஜப்பான் சர்க்கார் பக்கத்து வயல்களைத் தேர்ந்தெடுத்தபோது, விவசாயிகள் நிலத்தை விட மறுத்தார்கள். மாணவர்களும் தீவிரவாதிகளும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். அடிதடி, தடியடி, தீ வைப்பு. 1971-இல் நடந்த மோதலில் மூன்று போலீஸ்காரர்கள் உயிரிழந்தார்கள். 1978 மார்ச்சில் திறப்பு விழாவுக்குச் சில நாட்களே இருக்கும்போது, எதிர்ப்பாளர்கள் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குள்ளேயே புகுந்து கருவிகளை நொறுக்கிவிட்டார்கள். விழா தள்ளிப்போய், 1978 மே 20-ந் தேதி விமான நிலையம் திறக்கப்பட்டது.

அன்று முதல் நரிட்டாவுக்குப் புதுவகை யாத்திரிகர்கள் வரத் தொடங்கினார்கள். முன்பு வந்தவர்களுக்குக் கால் வலி. இவர்களுக்குத் தூக்கம் கெட்ட வலி!

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வர ரெயிலில் பத்து நிமிடம்தான். டோக்கியோவுக்குப் போக வேண்டுமென்றால் ஒரு மணி நேரம் ஆகும். ஒரே ஒரு நாள் தங்குகிறவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள்? உலகத்தின் நானா திசைகளிலிருந்தும் வந்த சிப்பந்திகள் இந்தச் சிறிய ஊரின் ஒரே தெருவில் ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொள்ளாத குறையாக நடமாடியதற்குக் காரணம் அதுதான்.

வயிற்றுக்குள் ஒரு கடிகாரம்

ஓட்டல் அறையில் சுவர்க் கடிகாரம் ஒரு நேரம் காட்டும். வயிற்றுக்குள் இருக்கும் கடிகாரம் வேறு நேரம் காட்டும். சிப்பந்திகளின் கஷ்டம் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடக்கும் சண்டைதான்.

நியூயார்க்கிலிருந்து வருகிறவர் பிற்பகலில் நரிட்டாவில் இறங்குகிறார். அவர் ஊரில் அப்போது நள்ளிரவு கழிந்துவிட்டது. மாலை 7 மணிக்கே கண் சொருகும். படுத்தால் பின்னிரவு 3 மணிக்கு விழிப்பு வந்துவிடும். அதன் பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். ஜெர்மனியிலிருந்து வருகிறவர் கதை இதற்கு நேர்மாறு. நரிட்டாவில் நள்ளிரவு 12 மணி அடிக்கும்போது பிராங்க்பர்ட்டில் மாலை 4 அல்லது 5 மணி. காப்பி சாப்பிடும் நேரத்தில் எப்படித் தூங்குவது? இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு வித்தியாசம் 3½ மணி நேரம் மட்டுமே. ஆனால் அவர்களுக்கு வேறு தொல்லை. இரவெல்லாம் விழித்து வந்து காலையில் இறங்குவதால், பகலில் படுப்பதா, சுற்றுவதா என்ற குழப்பம்.

அனுபவசாலிகள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இறங்கியதும் இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் தூக்கம். அலாரம் அடித்தவுடன், எவ்வளவு கஷ்டமாக இருந்தாலும் எழுந்து வெயிலில் நடக்க வேண்டும். உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்தைத் திருப்பி வைக்கும் சாவி சூரிய வெளிச்சம்தான் என்று விஞ்ஞானிகளும் சொல்லுகிறார்கள். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். விமானத்துக்குள் காற்றில் ஈரப்பசை 20 சதவீதத்துக்கும் குறைவு. பாலைவனக் காற்று மாதிரி! நரிட்டாவில் குழாய்த் தண்ணீரையே தைரியமாகக் குடிக்கலாம். ஜப்பான் முழுவதும் அப்படித்தான்.

கிழக்கே பறப்பதைவிட மேற்கே பறப்பது உடம்புக்கு இலகு. நாளை நீட்டிக்கொள்ள உடம்பு சம்மதிக்கும். சுருக்கிக்கொள்ளத்தான் முரண்டு பிடிக்கும். எனவே ஐரோப்பாவிலிருந்து கிழக்கு நோக்கி வருகிறவர்கள் நரிட்டாவில் முதல் நாள் பேயறைந்தவர்கள் போல் திரிவதைப் பார்த்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

நெளியும் விலாங்கு, நெருப்பில் வெந்தால்...

இனிமேல் சாப்பாட்டுக்கு வருவோம். நரிட்டாவில் இறங்கிய எந்த சிப்பந்தியைக் கேட்டாலும் முதலில் வாயில் வருவது ஒரே சொல்: உனாகி! அதாவது விலாங்கு மீன்.

பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் என்று நம் ஊரில் பழிக்கிறோமே, அதே விலாங்கு ஜாதிதான். ஜப்பானியருக்கு அது ராஜபோஜனம். பக்கத்தில் இன்பா ஏரி, டோனே ஆறு. அவற்றில் விலாங்கு ஏராளமாகக் கிடைத்த காலம் உண்டு. நடந்து நடந்து நொந்த யாத்திரிகர்களுக்குத் தெம்பு தரும் உணவு என்று சத்திரக்காரர்கள் அதைச் சுட்டுக் கொடுத்தார்கள். அந்த வழக்கம் இன்னும் விடவில்லை. தெருவில் கால் வைத்ததும் புகை வாசனை மூக்கைத் துளைக்கும்.

1910-இல் தொடங்கிய கவாதோயோ என்ற கடை இதில் பேர்போனது. கடை வாசலிலேயே பெரிய வெட்டுப் பலகைகள். அவற்றின் முன்னால் சமையல்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். வாளியில் விலாங்குகள் உயிரோடு நெளிகின்றன. ஒன்றைப் பிடித்து, தலையில் ஆணி குத்திப் பலகையோடு நிறுத்தி, சர்ரென்று ஒரே இழுப்பு! முதுகு பிளந்து, முள் தனியே, சதை தனியே வந்துவிடுகிறது. தெருவில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். இளகிய மனம் உள்ளவர்கள் வேகமாக நடந்துவிடுவது நல்லது.

முதுகைத்தான் பிளக்க வேண்டும். வயிற்றைக் கிழிக்கக் கூடாது. டோக்கியோ பக்கத்துச் சம்பிரதாயம் இது. அந்தக் காலத்து சாமுராய் வீரர்கள் வயிற்றைக் கிழித்து உயிர் விடுவார்கள். ஆகவே வயிற்றைக் கிழிப்பது அபசகுனம் என்று காரணம் சொல்லுவார்கள். ஒசாகா பக்கத்து வியாபாரிகளுக்கு அந்தப் பயம் இல்லை. அவர்கள் வயிற்றையே கிழிக்கிறார்கள்! நரிட்டாவில் முதலில் லேசாகச் சுட்டு, பிறகு ஆவியில் வேக வைத்து, மறுபடி இனிப்புச் சோயாக் குழம்பில் தோய்த்துத் தோய்த்துக் கரி நெருப்பில் சுடுகிறார்கள். சதை பஞ்சு போல் ஆகிவிடும். அரக்குப் பெட்டியில் சுடச்சுடச் சோறு, அதன் மேல் விலாங்கு, அதற்கு மேல் "சன்ஷோ" என்ற ஒரு வகை மிளகுத் தூள். நாக்கு சுருசுருக்கும். பக்கத்தில் விலாங்கின் ஈரல் போட்ட தெளிந்த ரசம்.

குத்திக் கோக்கப் பழக மூன்று வருஷம், பிளக்கப் பழக எட்டு வருஷம், சுடப் பழக ஆயுள் முழுவதும் என்று இந்தத் தொழிலில் ஒரு பழமொழி இருக்கிறது. விலாங்கின் பச்சை ரத்தத்தில் விஷம் உண்டு. வேக வைத்தால் போய்விடும். ஆகவேதான் ஜப்பானியர் எத்தனையோ மீன்களைப் பச்சையாகத் தின்றாலும் விலாங்கை அப்படித் தின்பதில்லை.

விலாங்கும் ஒரு தூரதேசப் பிரயாணிதான். ஜப்பான் ஆறுகளில் வளரும் விலாங்கு முட்டையிட எங்கே போகிறது என்பது வெகுகாலம் யாருக்கும் தெரியாத ரகசியமாக இருந்தது. 2009-இல்தான் மரியானா தீவுகளுக்கு அருகே நடுக்கடலில் அதன் முட்டைகள் கிடைத்தன. இரண்டாயிரம் கிலோ மீட்டருக்கு மேல்! அவ்வளவு தூரம் போகிற ஜீவன் இன்று அருகி வருகிறது. 2014-இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் ஜப்பானிய விலாங்கை அழியும் அபாயத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. பண்ணையில் வளர்ப்பதற்கும் கடலிலிருந்து வரும் குஞ்சுகளைத்தான் பிடித்தாக வேண்டும். விலை ஏறிக்கொண்டே போகிறது. ஒரு பெட்டிச் சோற்றுக்கு ஆயிரக்கணக்கான யென் கேட்பார்கள். மாதத்தில் பல தடவை நரிட்டா வருகிறவர்கள் ஒரு தடவை விலாங்கும், மற்ற நாட்களில் நூடுல்ஸும் சாப்பிட்டுப் படிக் காசை மிச்சம் பிடிக்கிறார்கள்.

நரிட்டா நகரசபை ஊருக்கு ஒரு சின்னம் வைத்திருக்கிறது. "உனாரி" என்று பெயர். பாதி விலாங்கு, பாதி ஆகாய விமானம்! நாடு முழுவதும் நடந்த ஊர்ச் சின்னங்களின் போட்டியில் 2017-இல் அதற்கே முதல் பரிசு.

சைவக்காரர்கள் என்ன செய்வது?

மரக்கறி உணவுக்காரர்களின் பாடு ஜப்பானில் கொஞ்சம் திண்டாட்டம்தான். தட்டில் மீன் தெரியாது. ஆனால் ரசத்தில் இருக்கும். காய்கறிக் குழம்பு, நூடுல்ஸ் சாறு, எதை எடுத்தாலும் "தாஷி" என்ற அடிச்சாறு கலந்திருக்கும். பெரும்பாலும் அது உலர்ந்த சூரை மீன் சீவலைக் கொதிக்க வைத்து எடுத்தது. "மீன் வேண்டாம்" என்று சொன்னால் மீன் துண்டை எடுத்துவிட்டு அதே சாற்றைக் கொண்டுவந்து வைப்பார்கள். குற்றம் அவர்கள் மேல் இல்லை. அவர்கள் கணக்கில் சாறு மீன் ஆகாது!

கைகொடுப்பது இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும் சிறு கடைகள். கடற்பாசித் தாளில் சுற்றிய சோற்று உருண்டை அங்கே கிடைக்கும். உள்ளே புளிப்பு "உமே" காய் வைத்ததைக் கேட்டு வாங்கினால் நம் ஊர் ஊறுகாய்ச் சோறு போலவே இருக்கும். தெருவில் யோகான் என்ற இனிப்பு விற்கிறார்கள். பயறும் சர்க்கரையும் கடற்பாசிச் சத்தும் சேர்த்து அல்வா மாதிரி செய்தது. 1899 முதல் இதே தெருவில் யோனேயா கடை இதற்குப் பிரசித்தம். நிலக்கடலை சிபா மாநிலத்தின் தனிச் சிறப்பு. இன்னொன்று: வெள்ளரி ஜாதிக் காயின் நடுவைக் குடைந்து, உள்ளே மிளகாயைத் திணித்துச் சோயாக் குழம்பில் ஊறப்போடுகிறார்கள். துப்பாக்கிக் குழாயில் குண்டு போல மிளகாய் இருப்பதால் "துப்பாக்கி ஊறுகாய்" என்று பெயர். காரம் தேடும் தென்னாட்டு நாக்குக்கு ஜப்பானில் கிடைக்கும் ஆறுதல்களில் இது ஒன்று.

ஊரிலிருந்து கட்டிக்கொண்டு போகலாமே என்று நினைக்கிறவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இறைச்சி சேர்ந்த பண்டம் எதையும் ஜப்பானுக்குள் விடமாட்டார்கள். பச்சைக் காய், பழம், இலை என்றால் அத்தாட்சிப் பத்திரம் கேட்பார்கள். மூக்கடைப்புக்கு விழுங்கும் சில மாத்திரைகள்கூட அங்கே தடை செய்யப்பட்டவை. மின்சாரமும் வேறு. நம் நாட்டில் 230 வோல்ட். அங்கே 100 வோல்ட். இங்கிருந்து கொண்டுபோன வெந்நீர்க் கெண்டி கொதிப்பதற்குள் பஸ் வந்துவிடும்!

கோப்பையும் கடிகாரமும்

கோவிலுக்கு எதிரிலேயே மதுக்கடையும் உண்டு. நாபெடானா என்ற மது வடிப்பகம் 1689-இல் ஏற்பட்டது. அரிசியிலிருந்து வடிக்கும் "சாகே" மதுவை இன்றும் அங்கே விற்கிறார்கள். கோவில் தெய்வத்தின் பெயரையே ஒரு மதுவுக்கு வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! சந்து பொந்துகளில் சிறு சிறு மதுச்சாலைகள். ஒரு மேஜையில் நான்கு நாட்டு விமான சிப்பந்திகள் உட்கார்ந்து சிரிப்பதைப் பல வருஷங்களாக ஊர் பார்த்திருக்கிறது.

ஆனால் அந்த மேஜையில் உட்கார்ந்த ஒவ்வொருவரும் கைக்கடிகாரத்தை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அமெரிக்கச் சட்டப்படி பறப்பதற்கு 8 மணி நேரத்துக்குள் மது தொடக்கூடாது. இந்தியச் சட்டம் இன்னும் கடுமை: 12 மணி நேரம். மறுநாள் காலை 11 மணிக்குப் புறப்பாடு என்றால் முதல் நாள் இரவு 11 மணிக்கே கோப்பை காலியாக இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து இந்தியாவில் வந்து இறங்கியதும் மூச்சைச் சோதிப்பார்கள். துளி தெரிந்தாலும் தவறுதான். முதல் தடவை மூன்று மாதம் வேலை நிறுத்தம். இரண்டாம் தடவை மூன்று வருஷம். மூன்றாம் தடவை லைசென்ஸே ரத்து. ஆல்கஹால் கலந்த வாய் கொப்பளிக்கும் மருந்தைக்கூட உபயோகிக்கக் கூடாது என்று 2023-இல் விதி வந்துவிட்டது.

மணிக்கணக்கு மட்டும் பார்த்தால் போதுமா? போதாது. எவ்வளவு குடித்தோம் என்பதும் கணக்கு. ஈரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும். காப்பி குடித்தாலும் குளித்தாலும் அதை அவசரப்படுத்த முடியாது.

2018 அக்டோபரில் லண்டனில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். ஜப்பானிய விமானக் கம்பெனி ஒன்றின் துணை விமானி, டோக்கியோவுக்குத் திரும்ப வேண்டியவர், முதல் நாள் ஓட்டலில் ஒயினும் பீருமாகக் குடித்திருந்தார். மறுநாள் பஸ்ஸில் ஏறினார். வாடை அடிப்பதைக் கவனித்தவர் பஸ் டிரைவர்! அவர்தான் தகவல் கொடுத்தார். போலீசார் வந்து ரத்தத்தைச் சோதித்தார்கள். விமானிகளுக்கு பிரிட்டிஷ் சட்டம் அனுமதிக்கும் அளவு 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 20 மில்லி கிராம். அவர் ரத்தத்தில் இருந்தது 189! விமானம் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாக, அவர் இல்லாமல் புறப்பட்டது. அவருக்குக் கிடைத்தது பத்து மாத ஜெயில். இதற்குப் பிறகு 2019-இல் ஜப்பான் சர்க்கார் தன் விமானிகளுக்கான மது விதிகளை இறுக்கிவிட்டது.

அந்த பஸ் டிரைவருக்கு மூக்கடைப்பு இருந்திருந்தால்?

முட்டைத் தோசையால் வந்த வினை

மது மட்டும் அல்ல, சாப்பாடும் ஆளைக் கவிழ்க்கும். 1975 பிப்ரவரியில் நடந்த ஒரு சம்பவத்தை விமான உலகம் மறக்கவில்லை. டோக்கியோவிலிருந்து ஜம்போ விமானம் ஒன்று 344 பிரயாணிகளோடு பாரிசுக்குப் பறந்தது. வழியில் அலாஸ்காவில் ஆங்கரேஜ் என்ற ஊரில் சாப்பாடு ஏற்றினார்கள். விமானிகளும் அங்கே மாறினார்கள். ஓய்வெடுத்துக்கொண்டிருந்த புது விமானிகள் ஏறினார்கள்.

டென்மார்க்கை நெருங்கும்போது பிரயாணிகளுக்குக் காலைச் சிற்றுண்டி: பன்றித் தொடைக்கறி வைத்த முட்டை ஆம்லெட். சிறிது நேரத்தில் வாந்தி, பேதி, வயிற்றுவலி! ஒருவருக்கு இருவருக்கு அல்ல. நூற்றுத் தொண்ணூறு பேருக்கு மேல்! கோபன்ஹேகனில் 140-க்கும் அதிகமானவர்களை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது. ஆங்கரேஜ் சமையலறையில் ஒருவருடைய விரல்களில் சீழ்ப்புண் இருந்தது. அதிலிருந்த கிருமி ஆம்லெட்டில் ஏறி, தகுந்த குளிரில் வைக்காததால் பெருகிவிட்டது.

விமானிகள் தப்பினார்கள். எப்படித் தெரியுமா? அவர்கள் ஆங்கரேஜில் தங்கியிருந்தவர்கள். அவர்களுடைய வயிற்றுக் கடிகாரத்தில் அது இரவுச் சாப்பாட்டு நேரம். ஆம்லெட் வேண்டாம் என்று மாட்டிறைச்சி வறுவலைச் சாப்பிட்டார்கள். அவர்களும் ஆம்லெட் சாப்பிட்டிருந்தால் அந்த விமானத்தை யார் இறக்கியிருப்பார்கள்? பிரயாணிகளில் யாரும் சாகவில்லை. ஆனால் அந்தச் சமையலறைப் பொறுப்பாளராக இருந்தவர் சில நாட்களில் தற்கொலை செய்துகொண்டார்.

தலைமை விமானியும் துணை விமானியும் ஒரே உணவைச் சாப்பிடுவதில்லை என்ற வழக்கத்தைப் பல கம்பெனிகள் கண்டிப்பாக வைத்திருப்பதற்கு இப்படிப்பட்ட அனுபவங்களே காரணம். தங்கும் ஊரிலும் நிதானம் உள்ளவர்கள் அதையே பின்பற்றுகிறார்கள். புறப்படுவதற்கு முந்திய சாப்பாட்டில் புதுப் பரீட்சை வேண்டாம். பச்சை மீன், சிப்பி, தெருவோரப் பலகாரம் எல்லாம் வந்து இறங்கிய அன்றே முடிய வேண்டும்.

விடியற்கால ஹோமம்

பின்னிரவு 3 மணிக்கு விழித்துக்கொள்ளும் அமெரிக்கக்காரர்களுக்கு நரிட்டாவில் ஒரு பாக்கியம் உண்டு. ஷின்ஷோஜி கோவிலில் விடியற்காலையிலேயே பூஜை நடக்கிறது. அனுமதிக்குக் கட்டணம் இல்லை. யாரும் போய் உட்காரலாம். செருப்பை வெளியே கழற்றி வைக்க வேண்டும். அதை நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெரிய முரசு அதிர்கிறது. குருக்கள் வரிசையாக வருகிறார்கள். நடுவில் குண்டம். சமித்துக் குச்சிகளை அடுக்கி, மந்திரம் சொல்லித் தீ மூட்டுகிறார்கள். ஜுவாலை ஆள் உயரத்துக்கு எழும்புகிறது. இதற்கு "கோமா" என்று பெயர். நம் ஹோமமேதான்! வடமொழி "ஹோமா" சீனம் போய், அங்கிருந்து ஜப்பான் போய்க் கோமா ஆகிவிட்டது. 804-இல் சீனாவுக்குப் போய் 806-இல் திரும்பிய கூகாய் என்ற துறவிதான் இந்த மார்க்கத்தை ஜப்பானில் பரப்பினார். சீனத் தலைநகரில் அவருக்கு வடமொழி சொல்லிக் கொடுத்தவர்களில் இந்தியத் துறவி ஒருவரும் உண்டு.

மூலவர் "புடோ". வடமொழியில் அசலன். அசையாதவன் என்று அர்த்தம். வலக் கையில் வாள், இடக் கையில் பாசக் கயிறு, முதுகுக்குப் பின்னால் தீச்சுடர். பார்த்தால் நம் ஊர்க் காவல் தெய்வம் போலவே இருப்பார். பூஜை முடிந்ததும் பக்தர்கள் கைப்பைகளை நீட்டுகிறார்கள். குருக்கள் அவற்றைத் தீயில் காட்டித் திருப்பிக் கொடுக்கிறார்கள். புதுக் காருக்குப் பூஜை போடத் தனி மண்டபமும் இருக்கிறது!

கோவிலில் ஒரு மரத் தாயத்து விற்கிறார்கள். கோவில் வாயிலை 1831 வாக்கில் கட்டியபோது சாரத்திலிருந்து தச்சர் ஒருவர் விழுந்தாராம். அவருக்கு ஒரு காயமும் இல்லை. இடுப்பில் இருந்த தாயத்துதான் இரண்டாகப் பிளந்து கிடந்ததாம். அன்று முதல் அதற்கு மவுசு. உயரத்தில் வேலை செய்கிறவர்கள் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வதில் அதிசயம் என்ன?

1712-இல் கட்டிய மூன்று அடுக்குக் கோபுரம், ஆமைகள் வெயில் காயும் குளம், பின்னால் பரந்த பூங்கா. இரண்டு மணி நேரம் நடந்தால் தூக்கக் கலக்கம் பறந்துவிடும்.

இன்னும் சில

நேரம் மிச்சம் உள்ளவர்கள் ரெயிலில் அரை மணி நேரம் போனால் சவாரா என்ற வாய்க்கால் ஊர். ஜப்பானுக்கு முதன்முதலில் அளந்து படம் போட்ட இனோ தடடாகா வாழ்ந்த வீடு அங்கே இருக்கிறது. அவர் 1800-இல் வேலையைத் தொடங்கியபோது வயது 55! நடந்தே நாட்டை அளந்தார்.

வெந்நீர்க் குளியல் தொட்டியில் இறங்குமுன் வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டுக் குளித்துவிட வேண்டும். உடம்பில் பச்சை குத்தியிருந்தால் பல இடங்களில் அனுமதி இல்லை. ஓட்டலில் யாருக்கும் இனாம் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் பின்னாலேயே ஓடிவந்து திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். படுக்கைப் பக்கத்தில் செருப்பும், கைக்கெட்டும் தூரத்தில் டார்ச் விளக்கும் வைத்துக்கொள்வது அவசியம். அது பூகம்ப பூமி. 2011 மார்ச் 11-ந் தேதி விமான நிலையத்தில் மாட்டிக்கொண்ட ஆயிரக்கணக்கானவர்கள் இரவைத் தரையிலேயே கழித்தார்கள்.

தெரு வெறிச்சோடிய காலம்

இந்தத் தெருவுக்கும் சோதனை வந்தது. 2010 அக்டோபரில் டோக்கியோ நகருக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஹனேடா விமான நிலையம் மறுபடி வெளிநாட்டு விமானங்களுக்கு முழு அளவில் திறந்துவிடப்பட்டது. கம்பெனிகள் ஒவ்வொன்றாக அங்கே இடம் பெயர்ந்தன. நரிட்டாவைத் தன் கிழக்கத்திக் கேந்திரமாக வைத்திருந்த அமெரிக்க டெல்டா கம்பெனி 2020 மார்ச்சில் டோக்கியோ விமானங்கள் அத்தனையையும் ஹனேடாவுக்கு மாற்றிவிட்டது.

அதே நேரத்தில் கொரோனா! பறந்து வந்த சிப்பந்திகள் அறையை விட்டு வெளியே தலைகாட்டக் கூடாது என்று பல நாடுகள் உத்தரவு போட்டன. சோறு கதவுக்கு வெளியே வைக்கப்படும். ஊரைப் பார்ப்பது ஜன்னல் வழியாகத்தான். சென்னைக்கும் இதில் ஒரு நஷ்டம். 2019 அக்டோபரில் நரிட்டாவுக்கும் சென்னைக்கும் நேர் விமானம் தொடங்கியிருந்தது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலை செய்யும் ஜப்பானியருக்கு அது வரப்பிரசாதம். ஆறு மாதம் ஆவதற்குள் கொரோனா வந்து அதை நிறுத்திவிட்டது.

கட்டுப்பாடுகள் நீங்கிய பிறகு தெருவில் மறுபடி பல பாஷைகள் கேட்கின்றன. முன்போல் அவ்வளவு கூட்டம் இல்லை என்றாலும், விலாங்குக் கடை வாசலில் சீட்டு வாங்கிக்கொண்டு காத்திருக்கத்தான் வேண்டியிருக்கிறது. விமான நிலையத்தில் மூன்றாவது ஓடுபாதைக்கான வேலையும் நடக்கிறது.

போகிறவர்களுக்கு ஒரு தகவல்: அன்றைய விலாங்கு தீர்ந்துவிட்டால் கடையைச் சாத்திவிடுவார்கள். மதியத்துக்கு முன்பே போய்ச் சீட்டு எடுத்துவிட்டு, முறை வரும்வரை கோவிலைச் சுற்றிவருவது உள்ளூர்க்காரர்கள் செய்யும் தந்திரம்.